நாக்கு நுனியில் ஒரு பட்டன் செல்

அத்தியாயம் 17

போன வாரம் பேச்சிராஜா தன் மகளின் உச்சந்தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தபோது, "சரி, மனுஷன் திருந்திட்டான்" என்று நினைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. மாரீஸ்வரியே நம்பினாள். கூடக் குடித்தனம் நடத்துகிறவளே நம்பும்போது, வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற நாம் என்ன கண்டோம்?

சத்தியம் இதுதான்: "இனிமே ஒரு செல்லுகூட இந்தக் கோலிக்குள்ள வராது."

மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒற்றை அறை வீட்டுக்குக் கோலி என்று பெயர். மேலே பலகை அடித்து, ஏணி வைத்து ஏறிக்கொள்ளும்படி ஒரு மாளா. அதற்குள் நாலு பேர். டெம்போ ஓட்டும் பேச்சிராஜா. ஸ்டேஷனை ஒட்டிய மளிகைக் கடையில் பில் போடும் அவன் மனைவி மாரீஸ்வரி. இரண்டரை வயது மகள் பிரம்மசக்தி, கூப்பிடுவது பம்மு. அப்புறம் பேச்சிராஜாவின் அக்கா பேராச்சி. புருஷன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அவள் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். மாரீஸ்வரி வேலைக்குப் போனபின் பம்முவைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

தீபாவளிக்கு வாசலில் வைக்கிறார்களே, எண்ணெயும் திரியும் இல்லாமல் மினுக்மினுக்கென்று எரியும் பிளாஸ்டிக் விளக்கு, அதில் ஒரு பட்டன் செல் இருக்கும். பார்க்கக் காசு மாதிரியே பளபளக்கும். விற்காமல் திரும்பி வந்த விளக்குகளை முகம்மது ஹனீப்பின் காரகானாவிலிருந்து, அதாவது பட்டறையிலிருந்து, சாக்குச் சாக்காக வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அடிமூடியைக் கழற்றிச் செல்லை எடுத்து, உயிர் இருந்தால் திரும்பப் போட வேண்டும். செத்திருந்தால் புதுசு மாற்ற வேண்டும்.

சோதிப்பதற்கு ஹனீப் ஒரு சின்ன மீட்டரும் கொடுத்திருந்தார். பேராச்சிக்கு அதெல்லாம் சரிப்படாது. செல்லின் விளிம்பை நாக்கு நுனியில் வைப்பாள். சுர்ரென்று புளித்தால் வலதுபக்கத் தட்டு, சப்பென்று இருந்தால் இடதுபக்கத் தட்டு. மீட்டரில் ஒன்று பார்ப்பதற்குள் நாக்கில் நாலு பார்த்துவிடலாம். இந்த வேலை செய்கிற பெண்கள் அந்தச் சந்து முழுக்க இப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதனால் யாரும் யோசிக்கவும் இல்லை.

போன வாரம் பம்முவின் படுக்கை விரிப்பில் ஒரு செல் கிடந்தது. மாரீஸ்வரி ஆடித் தீர்த்துவிட்டாள். ஆடிய வேகத்தில், "தண்டச் சோறு திங்கது போதாதுன்னு இந்த வேலை வேறயா?" என்று நாத்தனாரைப் பார்த்து ஒரு வார்த்தையும் விட்டாள். பேராச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாக்குகள் வீட்டை விட்டுப் போயின. பேச்சிராஜா பிள்ளையின் தலையில் கை வைத்தான்.

அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

இன்று வியாழக்கிழமை. கடையில் மதியக் கூட்டம் ஓய்ந்து, மாரீஸ்வரி டிபன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் பேச்சிராஜாவிடமிருந்து போன் வந்தது.

"மாரி, பதறாத என்ன. பம்மு காசு முழுங்கிட்டா."

"என்ன காசு?"

"ஒத்த ரூவா. இப்பத்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம். நீ நேரா அங்க வந்துரு."

முதலாளி நம்பிராஜன் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "காசுதானம்மா? எங்க பெரியவன் முழுங்கி மூணாம் நாள் வெளிய வந்துச்சு. இப்ப எல்.ஐ.சி.ல ஆபீசரா இருக்கான். போ, டாக்ஸி பிடிச்சுப் போ" என்று அனுப்பி வைத்தார்.

டாக்ஸியில் போகும்போது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. காசு முழுங்காத பிள்ளை லேபர் கேம்பில் எங்கே இருக்கிறது? ரெண்டு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இவர் என்னவோ பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பிள்ளைமேல் அவ்வளவு பாசம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இதமாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பம்மு பேராச்சியின் மடியில் கிடந்தாள். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வடிந்து துண்டு நனைந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டி அழுதாள். அழுகைக்குச் சத்தமே இல்லை. தொண்டை கம்மிப் போயிருந்தது.

மாரீஸ்வரியின் சிரிப்பு அங்கேயே செத்தது.

"என்ன மதினி, இப்பத்தான் முழுங்கினாள்னு சொன்னாவ. சத்தமே வரலியே?"

"அழுது அழுது கம்மிப் போச்சுட்டி" என்றாள் பேராச்சி. அவள் மாரீஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் மாரீஸ்வரி மாட்டிவிட்டுப் போனது மஞ்சள் கவுன். இப்போது பம்மு போட்டிருந்தது சிவப்பு.

"கவுன் ஏன் மாத்துனீங்க?"

"எச்சி வடிஞ்சு நனைஞ்சிட்டு."

மேலே கேட்பதற்குள் எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பணியில் இருந்த டாக்டர் சஃப்ரீனுக்கு மாரீஸ்வரியின் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே திரைக்கு வந்ததும் குனிந்து பார்த்தவர், நிமிர்ந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

"யே சிக்கா நஹீ ஹை."

இது காசு இல்லையாம். காசு என்றால் திரையில் ஒற்றை வட்டமாகத் தெரியுமாம். இதில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் இருந்தது. இது பட்டன் செல், உணவுக்குழாயில் சிக்கியிருக்கிறது என்று இந்தியில் விறுவிறுவென்று சொன்னார். அது நகராமல் ஒரே இடத்தில் நின்றால் எச்சிலின் ஈரத்தில் கரண்டு ஓடும், ஒட்டியிருக்கும் சதையை வேகவைக்கும், ரெண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும், இப்போதே மயக்க மருந்து கொடுத்து எடுத்தாக வேண்டும் என்றார்.

மாரீஸ்வரி திரையைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். பேச்சிராஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை மணிக்கு முழுங்கினது?" என்று கேட்டார் டாக்டர்.

"பாரா பஜே, மேடம். பன்னிரண்டு மணி இருக்கும்" என்றான் பேச்சிராஜா, கேட்டு முடிப்பதற்குள்.

"அதுக்கப்புறம் ஏதாவது சாப்பிட்டதா? பால், தண்ணீர், எதுவாவது?"

"குச் நஹீ மேடம். ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல."

இந்தியில் அவன் அவ்வளவு தெளிவாகப் பேசி மாரீஸ்வரி கேட்டதேயில்லை.

மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு பெஞ்சு. உள்ளே தயார் செய்துகொண்டிருந்தார்கள். கீதா சிஸ்டர் வந்து பம்முவின் கையில் ஊசிக்கு வழி பார்த்துக்கொண்டே மாரீஸ்வரியை ஒரு பார்வை பார்த்தாள். செம்பூர்க்காரி. தமிழ் தெரிந்த முகம் ஒன்று கிடைத்ததே என்று மாரீஸ்வரிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியமும் நிலைக்கவில்லை.

"ஏம்மா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. ரிமோட்டைக் குழந்தை கையில குடுத்துட்டா வேலைக்குப் போவே?"

"ரிமோட்டா?"

"உன் வீட்டுக்காரர்தானே கீழே டாக்டர்கிட்ட சொன்னார். எக்ஸ்ரே பார்த்தப்புறம், நீ குழந்தையைத் தூக்கிட்டு மேலே வந்ததும். காலையில அழுகையை நிறுத்த நீ ரிமோட்டைக் குடுத்துட்டுப் போனியாம். அதுல மூடி உடைஞ்சிருக்குதாம். எத்தனை வாட்டி சொன்னாலும் கேக்க மாட்டாளுன்னு வருத்தப்பட்டார் பாவம்."

பாவமாம்!

அந்த வீட்டு டிவி ரிமோட்டுக்குப் போடுவது பென்சில் செல். அதை வாங்கி மாற்றுவதே மாரீஸ்வரிதான். நீட்டமாக விரல் மாதிரி இருக்கும். இந்த வட்டச் செல்லை அதில் எப்படித் திணித்தாலும் நிற்காது.

கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கூசியது. எல்லார் முன்னாலும் துணியை உருவியது போல உடம்பெல்லாம் கூசியது. பிள்ளை தொண்டையில் நெருப்பை வைத்துக்கொண்டு கிடக்கிறாள். பெற்றவன் அந்தப் பழியை யார் தலையில் இறக்கலாம் என்று பார்த்து, தன் பெண்டாட்டி தலைதான் தோது என்று முடிவு செய்திருக்கிறான். ஆறு வருஷமாக இவனுக்குத்தான் தோசை சுட்டுப் போட்டோமா என்று நினைத்தாள்.

மாடிப்படி ஓரம் நின்றிருந்தவனிடம் போனாள்.

"நானா ரிமோட்டக் கொடுத்தேன்?"

"மெதுவாப் பேசு மாரி."

"நானா கொடுத்தேன்?"

"ஏதாவது சொல்லணும்லா. காரகானா செல்லுன்னா போலீசு வரும், எங்கிருந்து வந்துச்சு, யார் வச்சிருந்தான்னு கேப்பான். அக்கா பேரு அடிபடும். நீ தாயி. தாய யாரும் ஒண்ணும் செய்ய மாட்டான். ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுருவான்."

"அப்போ சாக்கு திரும்பி வந்திருக்கு."

அவன் திரும்பிப் படியைப் பார்த்தான்.

"யார் கொண்டாந்தா?"

"என் டெம்போலதான்." குரல் இறங்கிப் போயிருந்தது. "மாளாவுல, பாய்க்குப் பின்னால வச்சிருந்தோம். நீ வாரதுக்கு முன்னால அக்கா எல்லாத்தையும் ஏறக்கட்டிரும்."

"எப்பருந்து?"

"சத்தியம் பண்ணுன அடுத்த நாளே" என்று சொல்லிவிட்டு, அவசரமாகச் சேர்த்தான். "அக்கா அழுதுச்சு மாரி. ஒரு கோலி பிடிச்சுத் தனியாப் போயிருதேன், அதுவரைக்கும் இந்த வேலைய விட்டா எனக்கு என்ன கதின்னு அழுதுச்சு. நீ விட்ட வார்த்தைதான் எல்லாத்துக்கும்."

அது அவளைக் குத்தியது. பொய்யாக இருந்தால் குத்தியிருக்காது. ஆனாலும் சொன்ன வார்த்தைக்குத் தண்டனை தனக்கல்லவா வரவேண்டும்? பம்மு யாரை என்ன சொன்னாள்?

"பிள்ளை தலையில கை வச்சீங்க."

"மாரி..."

"அவ தலையில. நான் பாக்க."

அதற்குள் பெஞ்சிலிருந்து பேராச்சி அலறினாள். பம்மு வாந்தி எடுத்திருந்தாள். பெரும்பாலும் வெள்ளை நுரை. நடுவே கொழகொழவென்று மஞ்சளாக ஏதோ. மாரீஸ்வரி துண்டால் துடைத்தபோது வாசனையில் தெரிந்துவிட்டது.

வாழைப்பழம்.

காலையில் வீட்டில் வாழைப்பழம் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு போவது அவள்தான், கடையிலிருந்து. அவளுக்கா தெரியாது?

"மதினி, பழம் எப்பக் கொடுத்தீங்க?"

பேராச்சி தம்பியைப் பார்த்தாள்.

"அங்க பாக்காதீங்க. என்னப் பாருங்க. பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கப் போறாவ. எப்ப முழுங்குனா? எப்பப் பழம் கொடுத்தீங்க?"

பேராச்சி கெட்டவள் இல்லை. தாய் செத்த வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்ந்தவள். பம்முவைத் தன் வயிற்றுப் பிள்ளையாகத்தான் பார்த்தாள். இவ்வளவு நேரம் அவள் வாயைக் கட்டியிருந்தது தம்பியின் பேச்சுதான். இப்போது அது அவிழ்ந்துவிட்டது.

"நீ வேலைக்கு எறங்குன கொஞ்ச நேரத்துலட்டி, எட்டரை இருக்கும். அடுப்புல குக்கரு இருந்துச்சு. நான் நாக்குல வச்சு வச்சுப் பாத்துட்டு இருந்தேன். அவளும் எதிர உக்காந்து, ஒண்ண எடுத்து நாக்க நீட்டி வச்சா. என்ன மாதிரியே செய்யுதாளேன்னு நான் சிரிச்சேன். பாவி, சிரிச்சேன். நான் சிரிச்சத பாத்து அவளும் சிரிச்சா. அப்படியே உள்ள போயிட்டு."

"காலையிலயா!"

"ராசாவுக்கு உடனே போன் போட்டேன். காசு முழுங்குனா மாதிரிதான், பழத்தைக் கொடு, வெளிய வந்துரும், மாரிட்ட மட்டும் மூச்சு விடாதன்னான். கடையில போயி மூணு பழம் வாங்கியாந்து கொடுத்தேன். முதல்ல கொடுத்தத கக்கிட்டா. கவுன மாத்துனேன். அப்புறம் பிசைஞ்சு கொஞ்சங் கொஞ்சமா உள்ள தள்ளுனேன். மதியத்துக்கு மேல மூச்சு இழுக்க ஆரம்பிச்ச பெறகுதான் அவன் வந்தான்."

காசு முழுங்கிய பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் செல் முழுங்கிய பிள்ளைக்குச் செய்திருக்கிறார்கள். அன்போடு, பிசைந்து பிசைந்து.

தியேட்டர் கதவு திறந்தது. கீதா சிஸ்டர் பம்முவைத் தூக்கிக்கொண்டாள். மாரீஸ்வரி அவள் பின்னாலேயே எழுந்தாள். மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"மாரி, சொல்லாத. கால்ல விழுதேன். எப்படியும் எடுத்துரத்தான் போறாவ. காலையிலயே தெரியும்னு சொன்னா வேணும்னே வச்சிருந்தோம்னு எழுதுவான். அக்காவ கூட்டிட்டுப் போயிருவான். என்னத் தூக்கி வளத்தவ."

"கைய விடுங்க."

அவன் விடவில்லை.

"கைய விடுலே!"

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீ' என்றுகூட அவள் சொன்னதில்லை. அவன் கை தன்னால் நழுவியது.

கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்து இந்தியில் கத்தினாள். பன்னிரண்டு மணி இல்லை. எட்டரைக்கெல்லாம் முழுங்கிவிட்டாள். வயிற்றில் வாழைப்பழம் இருக்கிறது. ரிமோட் பொய். எல்லாமே பொய்.

மயக்க மருந்து டாக்டர் கையில் எடுத்ததைக் கீழே வைத்தார். டாக்டர் சஃப்ரீன் வாசலுக்கே வந்துவிட்டார். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலில் இறங்கினால் குழந்தை அங்கேயே போய்விடும், இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். காத்திருக்கவும் முடியாது, இத்தனை மணி நேரம் உள்ளே இருந்திருக்கிறது, வேறு விதமாக மயக்கம் கொடுத்து இப்போதே இறங்குகிறோம், பெரிய சர்ஜனையும் கூப்பிடுகிறோம் என்றார். கதவு சாத்தப்பட்டது.

அந்தப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் ரெண்டு பேர் உட்காரலாம். யாரும் நகர்ந்து உட்காரவில்லை. பேச்சிராஜா ரெண்டு தடவை "மாரி" என்றான். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பவள் பிழைக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. புருஷனும் வேண்டியிருக்கவில்லை.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய பிறகு டாக்டர் வெளியே வந்தார். கையில் ஒரு ஸ்டீல் தட்டு. அதில் பட்டன் செல். ஒரு பக்கம் இன்னும் பளபளப்பாக இருந்தது. மறுபக்கம் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்திருந்தது.

"எடுத்துட்டோம். உயிரோட இருக்கா."

மாரீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அதோடு முடியவில்லை. உணவுக்குழாயின் சுவர் ஒரு பக்கம் வெந்திருக்கிறது என்றார் டாக்டர். செல்லை எடுத்த பிறகும் அந்தப் புண் வரும் நாட்களில் ஆழமாகலாம். ஓட்டை விழலாம். ரத்தம் வரலாம். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறது.

"பேச்சு வருமா மேடம்?"

"பார்க்கணும்" என்றார் டாக்டர். வெறும் ஆறுதல் சொல்லத் தெரியாத டாக்டர். மாரீஸ்வரிக்கு இன்றைக்கு அது பிடித்திருந்தது. காலையிலிருந்து அவளிடம் உண்மை பேசிய முதல் ஆள்.

பேராச்சி மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

மாரீஸ்வரி அதை இந்தியில் கேட்டுச் சொன்னாள். ஒன்றுதான், எக்ஸ்ரேயிலும் ஒன்றுதான், வயிறுவரை பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார்.

"நல்லாப் பாத்தாவளா? ஒண்ணுதானா?"

"ஏன் மதினி திருப்பித் திருப்பிக் கேக்கீங்க?"

பேராச்சியின் உதடு கோணியது. பேச்சிராஜா எழுந்தே விட்டான். "அக்கா, சும்மா இரு."

"இல்லலே ராசா. இனியும் என்னால சும்மா இருக்க முடியாது." மாரீஸ்வரியின் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "தட்டுல வரிசைக்குப் பத்தா அடுக்கி வச்சிருந்தேன்ட்டி. ஒரு வரிசைல ரெண்டு இல்ல. பாய உதறிப் பாத்தேன். பெட்டிய நவட்டிப் பாத்தேன். கெடைக்கல. அதீபாவும் அங்கதான இருந்தா."

அதீபா எதிர்க் கோலிப் பிள்ளை. பம்முவைவிட ரெண்டு மாசம் இளையவள். அவள் வாப்பா அல்தாப் துணி எடுக்க அடிக்கடி உல்லாஸ்நகர் போய்விடுவான். அம்மா சைனப் வீட்டில் பை தைக்கிறவள். காலையில் குழாயடிக்குப் போகும்போது பிள்ளையைப் பேராச்சியிடம் விட்டுவிட்டுப் போவாள். இன்றைக்கும் விட்டிருக்கிறாள். ரெண்டு பிள்ளைகளும் எதிரெதிராக உட்கார்ந்து நாக்கை நீட்டியிருக்கின்றன.

"சைனப்ட்ட சொன்னீங்களா?"

பேராச்சி தலையை ஆட்டினாள். இல்லை.

"உருண்டு எங்கயாவது போயிருக்கும்" என்றான் பேச்சிராஜா. "நான்தான் சொல்ல வேண்டாம்னேன். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, நடந்து வீட்டுக்குப் போச்சு. எதுக்கு அவளையும் பதற வைக்கணும்? கீழ கான்ஸ்டபிள் வந்துட்டான், மாரி. இப்பப் போயி சந்துல சொன்னா ஊரே கூடிரும். நாளைக்கு நாமளே வீட்டுல நல்லாத் தேடிப் பாத்துட்டு..."

தன் பிள்ளையிடம் செய்ததையே அடுத்தவள் பிள்ளையிடமும் செய்திருக்கிறான். இதைக் கேட்டபோது மாரீஸ்வரிக்குக் கோபம்கூட வரவில்லை. இவனைத் தனக்குத் தெரியவே தெரியாது என்றுதான் தோன்றியது. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து அழுத்தினாள்.

"யக்கா!" சைனப்பின் குரலில் உண்மையான சந்தோஷம். பின்னால் தையல் மெஷின் ஓடி நின்றது. "பம்மு எப்படி இருக்கா? காசு வந்துட்டா? பேராச்சிக்கா காசுன்னு சொல்லிட்டு ஓடுனாவ. நான் அப்பமே நேந்துக்கிட்டேன்."

"சைனப், அதீபா என்ன செய்யுதா?"

"அவளா? காலையிலேர்ந்து ஒரே நைநைன்னு இருக்காக்கா. சோத்தத் தொட மாட்டேங்கா. வாயில தண்ணியா ஊத்துது. கடவாப்பல்லு மொளைக்குன்னு நெனக்கேன். இப்பத்தான் கண்ணசந்தா. கஞ்சி ஆத்தி வச்சிருக்கேன், முழிச்சதும் கொடுக்கணும்."

எதிரே பேச்சிராஜா ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான்.

"கஞ்சி வேண்டாம். ஒண்ணுமே வாயில கொடுக்காத சைனப். அப்படியே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வா. பம்மு முழுங்குனது காசு இல்ல. செல்லு. எங்க வீட்டுல இருந்த செல்லு. ரெண்டு காணல. ஒண்ணு அதீபா வாயில போயிருக்கும்னு..."

ஸ்டூல் விழும் சத்தம். தூக்கத்திலிருந்து அள்ளப்பட்ட பிள்ளை அழும் சத்தம். அந்த அழுகை கம்மியிருந்தது.

சைனப் ஓடத் தொடங்கிவிட்டாள். மூச்சு இரைத்தது. சந்தின் இரைச்சல் போனுக்குள் ஏறியது. அந்த இரைச்சலுக்கு நடுவே கேட்டாள்:

"எப்ப போச்சுக்கா?"

"காலையில."

"காலையிலயா?" சைனப் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். "உங்களுக்கு எல்லாருக்கும் தெரியுமாக்கா? உங்க வீட்டுல, உங்கள நம்பித்தான விட்டுட்டுப் போனேன்?"

எனக்குத் தெரியாது, எனக்கே இப்போதுதான் தெரியும் என்று மாரீஸ்வரி சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் சைனப்புக்கு இந்த நேரத்தில் அந்த உண்மையால் என்ன பிரயோஜனம்?

"வாசல்ல நிக்கேன், வா" என்றாள்.

படியிறங்கிப் போனாள். கீழே கான்ஸ்டபிள் நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்கதான் அம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவரைக் கடந்து வாசலுக்கு ஓடினாள்.